நேச எண்கள்: 93,63,584 என்னும் எண்ணின் இயல்பும் வரலாறும்

தொண்ணூற்று மூன்று இலட்சத்து அறுபத்து மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு. இலக்கத்தில் எழுதினால் 93,63,584. பார்த்த அளவில் இவ்வெண்ணில் சிறப்பு எதுவும் தென்படுவதில்லை. இதற்கு முந்திய எண்ணிலிருந்தும் பிந்திய எண்ணிலிருந்தும் இதனைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இதன் முகத்தில் எழுதப்படவில்லை. ஆயினும் கணித வரலாற்றில் இவ்வெண்ணுக்குத் தனியிடம் ஒன்று உண்டு. ஸஃபவிகள் ஆண்ட பாரசீகத்தில், யஸ்த் நகரின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய முஹம்மது பாகிர் யஸ்தி என்னும் அறிஞர் இவ்வெண்ணையும் இதன் இணையான 94,37,056 என்பதையும் கண்டறிந்தார். அவர் மறைந்தது 1637 அளவில். 1638இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் இதே இணையைத் தாமும் கண்டு அறிவித்தார். ஐரோப்பியக் கணித நூல்கள் நெடுங்காலம் இவ்விணையை டெகார்ட்டின் பெயராலேயே குறித்து வந்தன.

இச்செய்தியை எடுத்துக்கூறி, நம் முன்னோர் முந்திக்கொண்டனர் என்று பெருமைப்பட்டு முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடித்துவிட்டால் இவ்வெண் நமக்குக் கற்பிப்பது எதனையும் நாம் கற்றவர்களாக மாட்டோம். இவ்வெண்ணை ஏன் தேடினர், எவ்வழியில் அடைந்தனர், அதனைக் கண்டபோது எதனை உறுதியாக அறிந்திருந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குத் தேவையான கணிதம் பள்ளிப் பருவத்தில் நாம் கற்ற பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே.

எண்ணின் உள்ளமைப்பு

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். 12 என்னும் எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 ஆகியன காரணிகள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்பன இவ்வகையின. ஏனையவை பகு எண்கள். அவை ஒவ்வொன்றையும் பகா எண்களின் பெருக்கலாக எழுத இயலும்.

நம் எண்ணை இவ்வாறு பகுத்துப் பார்ப்போம். 93,63,584 என்பதை இரண்டால் ஏழு முறை மீதியின்றி வகுக்கலாம். ஏழு முறை வகுத்தபின் 73,153 என்னும் ஒற்றை எண் எஞ்சும். அது 191, 383 என்னும் இரு பகா எண்களின் பெருக்கல். இரண்டை ஏழு முறை தன்னோடு பெருக்கினால் கிடைப்பது 128. ஆகவே 93,63,584 என்பது 128 × 191 × 383 ஆகும். இதன் இணையான 94,37,056 என்பதையும் இவ்வாறே பகுத்தால் அது 128 × 73,727 என அமையும். இங்கு 73,727 ஒரு பகா எண்.

முதல் எண்ணுக்கு மொத்தம் 32 காரணிகளும், இரண்டாம் எண்ணுக்கு 16 காரணிகளும் உண்டு. எண்ணிக்கையில் ஒன்று மற்றதன் இருமடங்காக இருப்பினும், இவ்விரு எண்களையும் வியத்தகு பிணைப்பு ஒன்று கட்டி வைத்திருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ள, எண்களை அவற்றின் காரணிகளைக் கொண்டு வகைப்படுத்தும் பழைய முறை ஒன்றை முதலில் அறிதல் வேண்டும்.

நிறை, மிகை, குறை

ஓர் எண்ணின் காரணிகளுள் அவ்வெண்ணை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டுவோம். 6 என்னும் எண்ணுக்கு 1 + 2 + 3 = 6. கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்கே சமமாகிறது. இத்தகையதை நிறை எண் என்பர். 12 என்னும் எண்ணுக்கு 1 + 2 + 3 + 4 + 6 = 16. கூட்டுத்தொகை எண்ணை விஞ்சுகிறது. இது மிகை எண். 10 என்னும் எண்ணுக்கு 1 + 2 + 5 = 8. கூட்டுத்தொகை எண்ணை எட்டவில்லை. இது குறை எண். அரபு நூல்கள் இம்மூவகையையும் முறையே தாம், ஸாயித், நாகிஸ் என்று அழைத்தன.

இப்பகுப்பு கிரேக்கரிடமிருந்து வந்தது. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தமது ‘மூலங்கள்’ நூலின் ஒன்பதாம் பாகத்தில் நிறை எண்களை உருவாக்கும் விதியைக் கூறி, அதனை நிறுவியும் காட்டினார். கி.பி. 100 அளவில், இன்றைய ஜோர்தானில் ஜெரஷ் என்று வழங்கும் ஊரைச் சேர்ந்த நிக்கோமாக்கஸ் தமது ‘எண்கணித முன்னுரை’யில் மூவகையையும் விளக்கி, 6, 28, 496, 8,128 ஆகிய நான்கு நிறை எண்களைக் குறித்தார். ஆனால் அவர் கூறியவற்றுக்கு நிறுவல் தரவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒரு செய்தியைச் சொல்வதற்கும், அது அவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்று நிறுவுவதற்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையில் நாம் கடக்கவிருக்கும் தொலைவு.

முஸ்லிம் உலகின் அறிஞர்கள் இப்பகுப்பைப் பெற்றதோடு நின்றுவிடவில்லை. 1037இல் மறைந்த அப்துல் காஹிர் அல்பக்தாதி, ஒற்றை எண்களுள் முதலாவது மிகை எண் 945 என்பதைக் கண்டு கூறினார். இதன் காரணிகளைக் கூட்டினால் 975 வரும். அவர் புதியதொரு வகையையும் ஆராய்ந்தார். 159, 559, 703 ஆகிய மூன்று எண்களின் காரணிகளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் 57 என்ற ஒரே தொகை கிடைக்கிறது. இத்தகைய எண்கள் சமநிறை எண்கள் எனப்பட்டன. எண்களை அவற்றின் அளவைக் கொண்டு அன்றி, உள்ளமைப்பைக் கொண்டு உறவுபடுத்தும் நோக்கு இங்கே வளர்ந்து வருவதை நாம் காண்கிறோம்.

220உம் 284உம்

உறவுகளுள் மிக நெருக்கமானது நேச எண்களின் உறவாகும். அரபியில் இவை ‘அல்அஃதாத் அல்முதஹாப்பா’, அதாவது ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்று அழைக்கப்பட்டன. 220 என்னும் எண்ணின் காரணிகள் 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. இவற்றின் கூட்டுத்தொகை 284. இனி 284 என்னும் எண்ணின் காரணிகள் 1, 2, 4, 71, 142. இவற்றின் கூட்டுத்தொகை 220. ஒவ்வொன்றும் தன் பகுதிகளையெல்லாம் ஒன்று சேர்த்து மற்றதனை உருவாக்குகிறது. முதலாவது மிகை எண், இரண்டாவது குறை எண். ஒன்றின் மிகுதி மற்றதன் குறையை நிரப்பி நிற்கிறது.

இவ்விணை கிரேக்கர் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இதனைப் பிதாகரஸுடன் தொடர்புபடுத்தும் செய்தி இயாம்பிளிக்கஸின் எழுத்தில் காணப்படுகிறது. ஆனால் ஓர் இணைக்கு மேல் அவர்கள் சென்றதாகத் தெரியவில்லை.

இவ்விணையின் பெயரே அதற்கு வேறொரு வாழ்க்கையையும் தந்துவிட்டது. அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டென்பதை நம் வாசகர்கள் அறிவர். 786 என்னும் எண்ணை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அந்த அப்ஜத் கணக்கின்படி ரா 200, காஃப் 20. இரண்டும் சேர்ந்தால் 220. ரா 200, ஃபா 80, தால் 4. மூன்றும் சேர்ந்தால் 284. இவ்வெழுத்துகளைப் பொறித்த தாயத்துகள் இருவரிடையே அன்பை உண்டாக்கும் என்று தாயத்துக்காரர்கள் சொல்லி வந்தனர். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் சூனியத்தையும் தாயத்துகளையும் பற்றிய பகுதியில் இந்த எண்களைக் குறிப்பிடுகிறார். அதே பகுதியில் இக்கலைகள் ஷரீஅத்தில் விலக்கப்பட்டவை என்பதையும் அவர் எடுத்துரைக்கிறார்.

ஆகவே ஒரே எண்ணிணை இரு வழிகளில் பயணம் செய்தது. ஒரு வழியில் அது தகட்டில் பொறிக்கப்பட்டது. தாயத்துக்காரருக்கு 220உம் 284உம் போதுமானவை. வேறு இணைகள் உண்டா என்று கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. மற்றொரு வழியில் அதே இணை ஒரு வினாவாக மாறியது. இவ்வுறவு இந்த இரு எண்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயலா, அன்றி இதற்கு ஒரு விதி உண்டா? இவ்வினாவை எழுப்பியவர் தாபித் இப்னு குர்ரா.

ஹர்ரானிலிருந்து பக்தாதுக்கு

தாபித் 9ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள ஹர்ரான் நகரில் பிறந்தவர். அவர் முஸ்லிம் அல்லர். ஹர்ரானின் ஸாபியீன் சமயத்தைச் சேர்ந்தவர். தாய்மொழி ஸிரியாக். நாணயம் மாற்றும் தொழில் செய்துவந்த அவருடைய திறமையைக் கண்டு, பனூ மூஸா சகோதரர்களுள் ஒருவரான முஹம்மது இப்னு மூஸா அவரைப் பக்தாதுக்கு அழைத்துச் சென்றார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அங்கே அவர் மருத்துவராகவும் வானியலாளராகவும் கணித அறிஞராகவும் உயர்ந்து, கலீஃபா அல்முஃததிதின் நெருக்கத்தைப் பெற்றார். 901இல் பக்தாதிலேயே மறைந்தார். இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவுக் கொடை என்று நாம் பேசும்போது, அந்நாகரிகத்தின் குடையின்கீழ் அரபு மொழியில் எழுதிய பிற சமயத்தாரின் உழைப்பும் அதில் அடக்கம் என்பதை மறத்தல் நேர்மையாகாது.

தாபித் நிக்கோமாக்கஸின் நூலை அரபியில் மொழிபெயர்த்தவர். யூக்ளிடின் ‘மூலங்கள்’ நூலுக்கு இஸ்ஹாக் இப்னு ஹுனைன் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்திச் செம்மைப்படுத்தியவரும் அவரே. இவ்விரு நூல்களையும் வரிக்கு வரி அறிந்திருந்த அவர், நிறை எண்களுக்கு இவர்கள் இருவரும் விதி கூறியிருக்க, நேச எண்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்பதைக் கண்டார். அந்த இடைவெளியை நிரப்பத் தனியே ஒரு சிறுநூல் எழுதினார். மொழிபெயர்ப்பு என்பது பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டுமன்று, அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுகொள்வதற்கும் அதுவே வழி என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

தாபிதின் விதி

ஒன்றில் தொடங்கி இருமடங்காக வளரும் தொடரை எடுத்துக்கொள்வோம்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. இதில் அடுத்தடுத்த இரு எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இரு எண்கள் கிடைக்கும். தேர்ந்த இரண்டையும் தம்முள் பெருக்கி, ஒன்பதால் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் மூன்றாவது எண் கிடைக்கும். இம்மூன்றும் இரண்டைத் தவிர்ந்த பகா எண்களாக அமைந்துவிட்டால் நேச இணை உறுதி. தேர்ந்த இரண்டில் பெரியதை முதல் இரு பகா எண்களாலும் பெருக்கினால் இணையின் ஓர் எண்ணும், மூன்றாவது பகா எண்ணால் பெருக்கினால் மற்றோர் எண்ணும் கிடைக்கும்.

2, 4 என்னும் இரண்டை எடுப்போம். 3 × 2 − 1 = 5; 3 × 4 − 1 = 11; 9 × 8 − 1 = 71. மூன்றும் பகா எண்கள். எனவே 4 × 5 × 11 = 220; 4 × 71 = 284. பழைய இணை விதியிலிருந்து தானாகவே வெளிப்படுகிறது.

அடுத்து 4, 8. இவற்றிலிருந்து 11, 23, 287 கிடைக்கின்றன. ஆனால் 287 என்பது 7 × 41. விதியின் நிபந்தனை நிறைவேறாததால் இணை இல்லை. 8, 16 என்பவற்றிலிருந்து 23, 47, 1,151 கிடைக்கின்றன. மூன்றும் பகா எண்கள். எனவே 16 × 23 × 47 = 17,296; 16 × 1,151 = 18,416. இது இவ்விதி தரும் இரண்டாவது இணை. 16, 32 என்பவற்றில் 95 தோன்றிக் குறுக்கிடுகிறது. அது 5 × 19. அதே 95 அடுத்த படியான 32, 64 என்பவற்றிலும் மீண்டும் வந்து வழியை அடைக்கிறது. அதனைக் கடந்து 64, 128 என்னும் படியை அடைந்தால் 191, 383, 73,727 ஆகியன கிடைக்கின்றன. மூன்றும் பகா எண்கள். 128 × 191 × 383 = 93,63,584. 128 × 73,727 = 94,37,056. நாம் தொடக்கத்தில் கண்ட எண் இங்கேதான் நிற்கிறது.

ஏன் இவ்வாறு அமைகிறது?

இவ்விதியின் உட்பொருளை நம் எண்ணைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 128இன் காரணிகள் 1, 2, 4 முதல் 128 வரை எட்டு. அவற்றின் கூட்டுத்தொகை 255. அடுத்து 73,153இன் காரணிகள் 1, 191, 383, 73,153. இவற்றின் கூட்டுத்தொகை 73,728. முதல் தொகுதியிலுள்ள ஒவ்வொன்றையும் இரண்டாம் தொகுதியிலுள்ள ஒவ்வொன்றாலும் பெருக்கினால் 93,63,584 என்பதன் 32 காரணிகளும் கிடைத்துவிடும். ஆதலால் அவற்றின் மொத்தக் கூட்டுத்தொகை 255 × 73,728, அதாவது 1,88,00,640.

இனி இணை எண்ணைப் பார்ப்போம். அதிலும் 128 உண்டு. அதன் பங்கு அதே 255. மீதமுள்ள 73,727 பகா எண்ணாதலின் அதன் காரணிகள் 1உம் 73,727உம் மட்டுமே. கூட்டினால் அதே 73,728. எனவே இதற்கும் மொத்தத் தொகை 1,88,00,640. ஒன்பதால் பெருக்கி ஒன்றைக் கழிக்கும் மூன்றாவது படியின் இரகசியம் இதுதான். 192ஐ 384ஆல் பெருக்கினால் 73,728 வருமாறு அந்தப் படி அமைக்கப்பட்டிருக்கிறது. மூன்று பகா எண்களோடும் ஒன்றைக் கூட்டிப் பார்த்தால் இது தெளிவாகும்.

இறுதியாக, இரு எண்களையும் கூட்டுவோம். 93,63,584 + 94,37,056 = 1,88,00,640. ஆகவே இந்தத் தொகையிலிருந்து எந்த எண்ணைக் கழித்தாலும் மற்றது எஞ்சும். முதலாவதன் காரணிகள், அதனை நீக்கிக் கூட்டினால், இரண்டாவதைத் தரும். இரண்டாவதன் காரணிகள் முதலாவதைத் தரும். முதலாவது தன்னை விட 73,472 கூடுதலான தொகையைத் தருவதால் அது மிகை எண். இரண்டாவது அதே அளவு குறைவாகத் தருவதால் அது குறை எண். இது நம் எண்களுக்கு மட்டும் வாய்த்த நற்பேறு அன்று. தொடரில் எந்த இரு எண்களை எடுத்தாலும், மூன்று பகா எண்கள் என்னும் நிபந்தனை நிறைவேறுமாயின் இதுவே நடக்கும் என்பதைத் தாபித் யூக்ளிடின் முறையில் துணைத் தேற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கி நிறுவினார். ‘மூலங்கள்’ நூலில் நிறை எண்ணுக்கு இருந்த தகுதியை நேச எண்களுக்கும் அவர் பெற்றுத்தந்தார்.

விதியிலிருந்து எண்ணுக்கு

விதி கையிலிருந்தால் எண் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. விதி வழியைக் காட்டும். நடந்து செல்வது தனி உழைப்பு. மூன்று எண்களும் பகா எண்கள்தாமா என்பதை ஒவ்வொரு படியிலும் உறுதி செய்தாக வேண்டும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், முஸ்லிம் உலகின் இரு கோடிகளில் வாழ்ந்த இரு அறிஞர்கள் 17,296, 18,416 என்னும் இணையைப் பதிவு செய்தனர். ஒருவர் மராக்கிஷில் வாழ்ந்த இப்னுல் பன்னா, 1321இல் மறைந்தவர். மற்றவர் பாரசீகத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸி. இப்னுல் ஹைஸமின் ஒளியியல் நூலுக்கு விரிவுரை எழுதி, வானவில் தோன்றும் முறையை விளக்கியவர். அல்ஃபாரிஸி நேச எண்களைப் பற்றி ‘தத்கிரத்துல் அஹ்பாப்’ என்னும் நூலை எழுதினார். ‘நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல்’ என்பது அதன் பொருள். நேச எண்களைப் பற்றிய நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. தாபிதின் விதியை ஏற்று மேற்சென்றுவிடாமல், அவர் அதற்குப் புதியதொரு நிறுவலைத் தேடினார். அதன்பொருட்டு, எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம் என்பதையும், அப்பகா எண்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாமோ அவற்றைக் கொண்டு எல்லாக் காரணிகளையும் எண்ணிவிடலாம் என்பதையும் முறையாக ஆராய்ந்தார். ஓர் எண்ணிணையைப் பற்றிய வினா, எண்களின் பொதுவான கட்டமைப்பைப் பற்றிய ஆய்வாக விரிந்தது.

யஸ்தியின் இணைக்கு வேண்டிய உழைப்பையும் நாம் மதிப்பிட்டுப் பார்க்கலாம். 73,727 பகா எண்தானா என்று சோதிக்க, அதன் வர்க்கமூலத்துக்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேற்பட்ட காரணி இருக்குமாயின் அதன் துணைக்காரணி இதற்குக் கீழே இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் 2 முதல் 271 வரை 58 பகா எண்கள் உள்ளன. 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். எஞ்சிய 55 வகுத்தல்களையும் செய்து, ஒவ்வொன்றிலும் மீதி இருப்பதைக் கண்டாலன்றி முடிவுக்கு வர இயலாது. பின்னர் அவற்றையெல்லாம் பெருக்கி ஏழு இலக்க எண்களை அடைய வேண்டும். கருவிகள் எவையுமின்றி, தாளும் மையும் கொண்டு இதனைச் செய்து முடிக்கும் பொறுமை வேண்டும். ஆனால் இதே எண்ணை விதியின்றித் தேட முனைந்தவர் நிலை என்ன? ஒன்றிலிருந்து தொடங்கித் தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்களின் காரணிகளையெல்லாம் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாழ்நாளில் இயலாத பணியைச் சில நாள் உழைப்பாகச் சுருக்கித் தந்தது தாபிதின் நிறுவல்.

இருமுறை கண்ட எண்

1636இல் ஃபெர்மா 17,296, 18,416 என்னும் இணையை அறிவித்தார். 1638இல் டெகார்ட் 93,63,584, 94,37,056 என்னும் இணையை அறிவித்தார். இருவரும் பயன்படுத்திய விதி தாபிதின் விதியேதான். அவர்கள் அரபு நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு மறைத்தனர் என்று நம்மவர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு கூறுதல் முறையன்று. இவ்விதியை அவர்கள் தாமாகவே மீண்டும் கண்டனர் என்பதே கணித வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. கணித உண்மை எந்த மொழிக்கும் இனத்துக்கும் உரிமைப்பொருள் அன்று. அதே வழியில் அதே நேர்மையுடன் நடப்பவர் எவரும் அதே இடத்தை அடைவர்.

நாம் வருந்த வேண்டிய செய்தி வேறு. பக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட தேற்றம் ஐரோப்பியக் கணித அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது, ஃபிரான்ஸ் வோப்கே 1852இல் தாபிதின் சிறுநூலைப் பற்றி எழுதியபோதுதான். அல்ஃபாரிஸியின் ஆய்வு உரிய முறையில் வெளிவர 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பணியில் எகிப்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய ருஷ்தி ராஷிதின் பங்கு பெரிது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இந்நூல்கள் பிரதிகளாக நூலகங்களில் இருக்கவே செய்தன. 220உம் 284உம் மட்டும் தாயத்துகளில் மக்களிடையே உலவின. நிறுவல் உறங்கியது, தாயத்து விழித்திருந்தது. பிறர் நம்மை மறந்தது ஒரு குறைதான். நாமே நம்முடையதைப் படிக்காமல் விட்டது அதனினும் பெரிய குறை.

விதிக்கு அப்பால்

தாபிதின் விதி எவ்வளவு உறுதியானதோ அவ்வளவுக்கு அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அது தரும் இணைகள் எல்லாம் நேச எண்கள். ஆனால் நேச எண்கள் எல்லாம் அதிலிருந்து கிடைப்பவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இவ்விதியை விரிவாக்கியும் புதிய வழிகளை வகுத்தும், 1747 முதல் அறுபதளவு இணைகளை வெளிப்படுத்தினார். அத்தனை அறிஞர்களின் கண்ணுக்கும் தப்பிய மிகச் சிறிய இணை ஒன்றை 1866இல் இத்தாலியைச் சேர்ந்த பகனீனி என்னும் பதினாறு வயது மாணவர் கண்டார். அது 1,184உம் 1,210உம். அளவில் 220, 284 என்பதற்கு அடுத்து வரும் இணை இதுவே. 17,296ஐயும் 93,63,584ஐயும் கண்டவர்கள் இதனைக் காணாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் விதியின் வெளிச்சத்தில் நடந்தனர்; இவ்விணையோ அவ்வெளிச்சம் படாத இடத்தில் இருந்தது.

இன்று கணிப்பொறிகளின் துணையால் நூறு கோடிக்கும் மேற்பட்ட நேச இணைகள் அறியப்பட்டுள்ளன. ஆயினும் தாபிதின் விதியிலிருந்து கிடைத்தவை அந்தப் பழைய மூன்று மட்டுமே. தொடரில் ஓர் இலட்சம் படிகளைக் கடந்து தேடியும் நான்காவது கிடைக்கவில்லை. விதி வழியாக வந்த மூன்றாவது இணையான நம் எண் இணையே இன்றுவரை அதன் கடைசி இணையுமாகும். நேச இணைகள் முடிவின்றித் தொடர்கின்றனவா என்பதற்கும் விடை இல்லை. எண்கள் பெருகப் பெருக நேச எண்கள் விகிதத்தில் அருகிக்கொண்டே சென்று ஒன்றுமில்லாமைக்கு நெருங்குகின்றன என்பதை 1955இல் ஏர்டிஷ் நிறுவினார். ஒன்று இரட்டை எண்ணும் மற்றொன்று ஒற்றை எண்ணுமாக அமைந்த இணை ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று நிறுவியவரும் எவருமில்லை. நூறு கோடி எடுத்துக்காட்டுகள் கைவசம் இருந்தும், கணித அறிஞர் ஒருவரும் ‘ஆகவே எப்போதும் இவ்வாறே’ என்று சொல்லத் துணிவதில்லை. எடுத்துக்காட்டுகளின் பெருக்கம் நிறுவலாகாது என்னும் ஒழுக்கத்தைத் தாபித் போன்றோர் தமக்கு விதித்துக்கொண்டனர். இன்றும் கணிதம் அதனையே கைக்கொண்டிருக்கிறது.

93,63,584 என்னும் எண்ணுக்கு மீண்டும் வருவோம். அது ஓர் இரட்டை எண், பகு எண், 32 காரணிகளை உடையது, மிகை எண், 94,37,056 என்பதன் நேச இணை. இவை அவ்வெண்ணின் வகைப்பாடுகள். இவற்றுள் எதனையும் நம் சொல்லை நம்பி வாசகர்கள் ஏற்க வேண்டியதில்லை. பள்ளியிலோ மத்ரஸாவிலோ பயிலும் ஒரு பிள்ளையிடம் தாளும் பேனாவும் தந்து, 128, 191, 383 ஆகியவற்றைப் பெருக்கச் சொல்லுங்கள். காரணிகளை எழுதி, கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 73,727ஐ 7இல் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். அப்பிள்ளை முடிவை அடையும்போது, முன்னோர் கண்டதாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை அது கேள்வியுற்றிருக்காது. அவர்கள் கண்டதைத் தானே கண்டிருக்கும். நமக்கு எஞ்சியுள்ள மரபுரிமை இதுவே: அவர்கள் நிறுவியதை நாமும் நிறுவிப் பார்த்து, அங்கிருந்து அடுத்த வினாவைத் தொடங்குவது.